சிறுநீரகச் சண்டை, முழு செட்

பழைய மருத்துவப் பத்திரிகை விற்கிறவனுக்கு முதலில் வேண்டியது கடை இல்லை, பிரஷர் மாத்திரை. இந்தத் தொழிலில் சிக்கிய மற்ற பாவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முழு செட்

சிறுநீரகப் பத்திரிகைகளில் ஒரு பகுதி வரும். ஒரு நோயாளியின் கதையைச் சொல்லி, பெரிய டாக்டர்கள் அதை அலசுவார்கள். பெங்களூர் காக்ஸ் டவுனில் என் கடைக்கு வந்த ரிட்டயர்டு டாக்டர் ஒருவர் அந்த அலசல்களின் வரலாற்றை எழுதுகிறார். ஒரு வால்யூம் குறைந்தாலும் செட்டே வேண்டாம் என்றுவிட்டார். நூலகங்கள் கழித்துப் போட்டதை சந்தாபுரா குடோன் வரை போய், தொண்டை கிழியப் பேரம் பேசிச் சேர்த்தேன். இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டேன்.

"அந்தக் காலத்துல ஒரு நோயாளிக்காக டாக்டருங்க பக்கம் பக்கமா சண்டை போட்டாங்கப்பா. இப்போ அந்த எடத்துல க்விஸ்தான், ஒரு போட்டோ, நாலு விடை, ஒரு டிக். எனக்கு அந்தச் சண்டை முழுசா வேணும்."

முதுகு

புது காபிக்கடைக்கு அலங்காரம் செய்கிற பையன் ஒருவன் வந்தான். சிவப்பு பைண்டிங்கை எல்லாம் தடவிப் பார்த்தான். அறுத்துத் தருவீர்களா என்றான். எதை அறுப்பது? எனக்குக் கை பரபரத்தது.

"உள்ள இருக்கறத நீங்களே வெச்சுக்குங்க அங்கிள், எங்களுக்கு செவுத்துல ஒட்ட புக்கோட முதுகு மட்டும் போதும்."

கடைசிப் பக்கம்

முதுகு கேட்டவனாவது படிக்காதவன். அடுத்து வந்தது டாக்டருக்குப் படிக்கிற பெண். காசும் கொடுக்காமல், ஒவ்வொரு கதையிலும் என்ன நோய் என்று முடிவு சொல்லும் கடைசிப் பக்கத்தை மட்டும் போனில் படம் பிடித்தாள். முன் பக்கங்களில் இருக்கும் நோயாளி என்னம்மா ஆனான் என்று கத்தினேன்.

"பேஷண்ட் கதையெல்லாம் எக்ஸாம்ல வராது சார்."

அந்தப் பெயின்டர்

லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். அவர் அப்பாவின் நோய் வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்ததாக அந்நாளில் ஆஸ்பத்திரியில் பெருமையாகச் சொன்னார்களாம். வருஷத்தைச் சொன்னார், தேடி எடுத்தேன். பெயர் இல்லை, பெங்களூர், பெயின்டர், வயது, அவ்வளவுதான். நின்றுகொண்டே படித்தார். டாக்டர்கள் அந்த மனிதருக்காகச் சண்டையோ சண்டை. கடைசி வரியில் அவர் விரல் நின்றது: 'நோயாளி அதன்பின் தொடர்பில் இல்லை.'

இதைக் கொடுத்தால் ரிட்டயர்டு டாக்டரின் செட் உடையும். ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சாகற வரைக்கும் அதே வீட்லதான் படுத்துக் கெடந்தாருண்ணா. இத்தன பேர் பேசியிருக்காங்களே, ஒருத்தராவது வந்து கதவத் தட்டினாங்களா?"

வால்யூமை டீச்சர் கையிலேயே கொடுத்தனுப்பியதிலிருந்து ரிட்டயர்டு டாக்டர் கடைப்பக்கம் தலைகாட்டவில்லை என்பதால், டாக்டர்கள் பாஷையிலேயே எழுதிவைக்கிறேன்: வாடிக்கையாளர் அதன்பின் தொடர்பில் இல்லை.