எச்சில் தொட்ட முத்திரை

என் கணவர் தணிகாசலம் திருவண்ணாமலை வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவு கிளார்க். நாள் முழுக்கக் கடிதங்களில் சீல் குத்துவதுதான் வேலை. லீவு நாளிலாவது அந்தக் கை சும்மா இருக்குமா? கலங்கரை விளக்கம், மான் பூங்கா என்று எங்கே போனாலும் நேராக ஆபீஸ் அறைக்குள் நுழைவார். நீள நோட்டைப் பிரித்து நீட்டி, தேதியோடு ஒரு சீல் வேண்டும் என்று கெஞ்சுவார். சீ, பார்க்கவே எனக்குக் கூசும். எந்தக் கலங்கரை விளக்கத்திலும் ஒரு படிகூட ஏறியதில்லை. பௌர்ணமிக்கு மலை சுற்றவும் வரமாட்டார். அங்கே சீல் தர யாரும் இல்லையாம்.

1997 ஜனவரியில் ஒரு பறவைகள் சரணாலயத்துக்குப் போனோம். சீல் வைத்திருந்தவர் ரவுண்டு போயிருந்தார். இவர் அந்த அறையை விட்டு நகரவேயில்லை. சாயங்காலம் அவர் வந்து பீரோவைத் திறந்தால், ஸ்டாம்ப் பேடு காய்ந்து கிடந்தது. இவர் சற்றும் யோசிக்காமல் அதில் எச்சிலைத் துப்பி விரலால் தேய்த்தார்.

வெளியே கொக்கும் நாரையும் கூட்டங்கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. எங்கள் மகள் மணிமொழி, "அப்பா, சீக்கிரம் வாங்கப்பா! எல்லாம் வந்து எறங்குது!" என்று கத்தினாள்.

"இரும்மா, சீல் காயட்டும்" என்று நோட்டை ஊதிக்கொண்டிருந்தார். அது காய்வதற்குள் இருட்டிவிட்டது.

மறுநாள் பக்கத்து வீட்டு ஜஹானாரா, "என்னென்ன பறவை பாத்தீங்கண்ணா?" என்று கேட்டாள்.

இவர் நோட்டைப் பிரித்து, சீலின் நடுவிலிருந்த நாரைப் படத்தின்மேல் விரலை வைத்தார்.

"இதாம்மா" என்றார் பெருமையாக.