கடுகு மடியிறங்கிய காலம்

போன வாரம் துணி தேய்ப்பவர் அம்மாவின் பழைய சேலையை விரித்துப் பிடித்து, "என்னக்கா, நூலெல்லாம் இழுத்திருக்கு? நான் பண்ணல, இப்பமே சொல்லிட்டேன்" என்றார். வெளுத்துப்போன நீலக் கைத்தறி. அம்மா படுக்கையில் இருந்த நாட்களில் அதைத்தான் போர்த்திக்கொள்வாள். வயிறு வருகிற இடத்தில் மட்டும் நூல்கள் சின்னச் சின்ன வளையங்களாக எழும்பி நின்றன. "நீங்க இல்ல, பூனை" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எந்தப் பூனை இத்தனை பொறுமையாக ஒரே இடத்தில் வேலை செய்யும்?

வீட்டுக்குக் கொண்டுவந்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். சோப்புதான் மணந்தது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எதை மூக்கில் வைத்தாலும் பூனைகளுக்கு அவித்த சாளை மீன் மணக்கும். தலையணை, அலுவலகப் பை, ஏன், என் தலைமுடிகூட. வண்ணார்பேட்டையில் நான் வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகத்தில் மின்விசிறிக்கு எதிரே எனக்கு இடம் தர மாட்டார்கள். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வீட்டில் அப்போது நானும் அம்மாவும் இரண்டு பூனைகளும். பொன்னி மூத்தவள், யாரையும் பிடிக்காது. கருவாயன் எல்லோரையும் சகித்துக்கொள்வான். பூனை வளர்ப்பது என் கிறுக்கு. அம்மாவுக்கு அதில் பங்கில்லை. பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தால் மடி என்று ஒன்று இருப்பதே தெரியாது; பாடம் நடத்தப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து, முழங்கால் சேர்த்து உட்காருவாள். சின்ன வயதில் நானே அங்கே ஏறிய ஞாபகமில்லை.

கடுகு வந்தது ஐப்பசி மழையில். பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு பைக்கின் அடியிலிருந்து கீச்கீச்சென்று சத்தம். கையை விட்டு எடுத்தால் ஒரு பூனைக்குட்டி, உள்ளங்கையில் அடங்கிவிட்டது. சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்தேன். பொன்னி சீறினாள். கருவாயன் மோந்து பார்த்துத் தும்மினான். அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "இது என்னட்டி, கடுகு கணக்கா இருக்கு?" என்றாள். அதுவே பெயரானது.

முதலில் அது என்னைத்தான் பிடித்துக்கொண்டது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் படுத்து, காது மடலைத் தாயின் காம்பென்று நினைத்துச் சப்பிக்கொண்டே தூங்கும். காது புண்ணானாலும் எனக்குப் பெருமை தாங்காது. பொன்னியும் கருவாயனும் காட்டாத பிரியத்தையெல்லாம் சேர்த்து வைத்து இது கொட்டுகிறதே என்று அலுவலகத்தில் ஒருவர் விடாமல் சொல்லித் திரிந்தேன். குட்டி காட்டுகிற பிரியத்தை நம்முடைய தகுதி என்று எடுத்துக்கொள்கிற முட்டாள்தனம் இருக்கிறதே, அதற்கு மருந்தில்லை.

அந்த மார்கழியில் அம்மா குளியலறையில் விழுந்தாள். இடுப்பெலும்பு. அறுவை முடிந்து வீடு வந்தபின் முன்னறையில் கட்டில் போட்டோம். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வந்துபோவார். நான் வேலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண்ணிடம், "எனக்கு எங்க போகணும்? நடந்து என்ன செய்ய?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஒரு சாயங்காலம் கதவைத் திறந்ததும், "பைய வா!" என்று அதட்டல். நீலச் சேலைக்கு மேல், அம்மாவின் வயிற்றில், கடுகு. முன்னங்கால் இரண்டாலும் மாறி மாறி மாவு பிசைகிற மாதிரி பிசைந்துகொண்டே கண்ணை மூடியிருந்தது. தொண்டைக்குள் குர்குர் சத்தம். "மத்தியானத்துல இருந்து இப்படியே கெடக்கான். ஒண்ணுக்குக்கூடப் போகல நான். அசைஞ்சா முழிச்சுக்கிடுவாம்லா" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெட்கம்.

அன்றிலிருந்து என் கழுத்து காலி. நான் கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் திருப்பும். அம்மாவோ, நான் கேட்டேயிராத ஒரு குரலில் பேசுவாள்: "ஏலே, எங்கலே போன? வாலே ராசா, இங்கன வா." பரீட்சையில் நூறு வாங்கியபோதுகூட என்னிடம் வராத குரல் அது. எனக்குப் பொறாமை. பூனையின் மேலா, அம்மாவின் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அம்மா ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாள். எனக்கு அது போதும் என்றிருந்தது.

கோடை வந்தது. கடுகுக்குக் கால் நீண்டது, குரல் மாறியது, கன்னம் உப்பியது. பெயரைச் சொல்லிக் கூப்பிட எங்களுக்கே சிரிப்பு வந்தது. ஒருநாள் கருவாயனோடு மதிலேறிப் போனான். திரும்பி வந்து அவன் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டான். மறுநாளும் அப்படியே. கட்டிலுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் கால்மாட்டில் கொஞ்சநேரம். பிறகு அதுவும் நின்றது.

மத்தியானமானால் அம்மா சேலையை வயிற்றின்மேல் சுருக்கமில்லாமல் விரித்து, கையை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். "ஏலே கடுகு" என்பாள். அவன் வாசலில் நின்று பார்ப்பான். நன்றாகத் தெரிந்த முகம்தான், வேலைதான் வேறு இருக்கிறது என்பதுபோல வால் நுனியை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போய்விடுவான்.

நான் செய்யாததில்லை. நெத்திலியைக் கட்டிலில் வைத்தேன், தின்றுவிட்டு இறங்கினான். தூக்கி வயிற்றில் வைத்தேன், தண்ணீர்போல வழுகினான். பாளையங்கோட்டை மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் போய்க் கேட்டபோது அவர் சிரித்தார். "அவன் பெரியவன் ஆயிட்டான்மா. அம்மா தேடுத வயசு முடிஞ்சிட்டு. இதுக்கு நான் என்ன ஊசி போட?" கருத்தடை செய்தால் சுற்றுவது குறையும் என்றார். செய்தோம். சுற்றுவது குறைந்தது. குண்டாகி, ஃபிரிட்ஜ் மேல் ஏறித் தூங்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை முன்னறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். கொஞ்சநேரம் இருந்தால் பழைய ஞாபகம் வரும் என்று ஒரு நப்பாசை. அவன் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு கத்தினான். அம்மா ஒருபக்கமாக எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"கதவத் தொறட்டி."

"கொஞ்சம் பொறும்மா, வந்துருவான்."

"பூட்டி வச்சா வரணும்? தொறந்து விடு. பாவம், பயப்படுதான்."

திறந்தேன். அவன் திரும்பிப் பார்க்காமல் பாய்ந்தான். அம்மாவின் பக்கம் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சேலையை மடிக்கிற சாக்கில், "இன்னொரு குட்டி கொண்டாரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்ட்டி" என்றாள். "அதுவும் வளரும்லா."

அடுத்த வாரம் நான் வேலை முடிந்து வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. பதறிப்போய் உள்ளே ஓடினால், பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, வாக்கரில் சாய்ந்து நிற்கிறாள். வியர்த்து ஊற்றுகிறது. பார்த்துக்கொள்ள வந்த அம்மாள் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார், சொன்னால் கேட்கவில்லையாம். எதிரே மதிலில் கடுகும் கருவாயனும் ஒன்றை ஒன்று நக்கிக்கொண்டிருந்தன. "அவன் இங்கன வரமாட்டான். நாம போய்ப் பாத்துக்கிட வேண்டியதுதான்" என்றாள். கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. பிடித்துக்கொள்ளவா என்று கேட்டால் கோபம் வரும் என்று நானும் சும்மா நின்றேன்.

அப்படி ஒரு வருடத்துக்கும் மேல், தினமும் பின்வாசல்வரை நடந்து பார்த்துவிட்டு வந்தாள். கடுகு சிலநாள் மதிலிலிருந்து இறங்கி, அவள் காலை ஒருமுறை உரசிவிட்டுப் போவான். பலநாள் அதுவும் கிடையாது. ஒரு காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே அம்மா போய்விட்டாள். வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் பூனைகள் மூன்றும் மொட்டைமாடியை விட்டு இறங்கவில்லை. எல்லோரும் போனபின் கடுகு முன்னறைக்கு வந்து, கட்டில் கிடந்த இடத்தை மோந்து பார்த்தான். பிறகு சமையலறைக்குப் போய்ச் சோறு கேட்டுக் கத்தினான். நான் போட்டேன்.

பொன்னி வயதாகி இறந்துபோனாள். கருவாயன் ஒரு மழையில் வெளியே போனவன் வரவில்லை. அவனைத் தேடுகிற மாதிரி தெருத்தெருவாக அலைந்த கடுகு, வருவதை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, வாரமாக்கி, பிறகு நிறுத்திக்கொண்டான். ஆற்றுப் பக்கம் யாரோ பார்த்ததாகச் சொன்னார்கள். போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மீன்காரர் இன்னும் வருகிறார். தெருமுனையில் அவர் வண்டி ஹாரன் கேட்டதுமே முன்பெல்லாம் எனக்கு முன்னால் மூன்று பேர் கேட்டில் நிற்பார்கள். நேற்று ஹாரன் கேட்டது. சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன். காலில் எதுவும் தட்டவில்லை.