மூன்று முறை கூப்பிட்டார்கள்

எங்கள் கிளைடர் கிளப்பில் இருப்பது ஒரே விமானம். எஞ்சின் கிடையாது, கேபிள் கட்டி இழுத்து மேலே விடுவார்கள். ஆளுக்கு இருபது நிமிடம். ரேடியோவில் கூப்பிட்டதும் இறங்கிவிட வேண்டும்.

அன்று எனக்கு அடுத்துப் பறக்க வேண்டியவர், பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்யும் நண்பர். பயிற்சியாளர் கூட வராமல் அவர் தனியாகப் பறக்கவிருந்த முதல் நாள். அப்படிப் பறந்து இறங்குபவர் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். அவர் மனைவி காலையிலேயே வாளியை நிரப்பி, தூசி விழாமல் துண்டு போட்டு மூடியிருந்தார். அடுத்த வாரத்திலிருந்து நண்பருக்கு ஞாயிறெல்லாம் வேலை. "இன்னிக்கு விட்டா தீபாவளிக்கு அப்புறந்தாண்ணே," என்றார்.

வானம் விடிந்ததிலிருந்தே ஒரு நிலையில் இல்லை. நான் மேலே போனபோது, பெக்கோக் பக்கமிருந்து கறுத்து வந்த மேகத்துக்கு முன்னால் விமானத்தை மேலே தூக்கும் நல்ல ஏற்றக் காற்று கிடைத்தது. செம்பனைத் தோட்டங்கள் கீழே சிறுத்துக்கொண்டே போயின. ரேடியோவில் மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்றும் காதில் விழுந்தன. இன்னும் ஒரு சுற்று என்று நினைத்தே நாற்பது நிமிடம் ஓட்டிவிட்டேன். நான் இறங்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது.

நண்பர் நனைந்தபடி ஓடிவந்து இறக்கையைப் பிடித்தார். "ரேடியோ கேக்கலையாண்ணே?"

"கேக்கலப்பா," என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

நான்கு மணிக்கு மழை விட்டு வெயில் அடித்தது. காற்றும் அடங்கியிருந்தது. நண்பர் இருக்கையைத் துடைத்துவிட்டுத் தயாராக நின்றார். பயிற்சியாளர் ரேடியோவைச் சோதித்தார். அது ஒழுங்காகவே பேசியது.

"கீழ பேசுது, மேல பேசலன்னு இவரு சொல்றாரே. ரேடியோல சந்தேகம் இருந்தா தனியா அனுப்ப முடியாதுலா," என்றவர் என் பக்கம் திரும்பினார். "நிச்சயமா கேக்கலையா?"

ஒரு வார்த்தை போதும், நண்பர் பறந்திருப்பார். ஐம்பது வயதைத் தாண்டியும் எனக்குத் திட்டு வாங்கப் பயம். பறக்கத் தடை போட்டுவிடுவார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

"நிச்சயமா," என்றேன்.

நண்பர் என் தோளைத் தட்டினார். "நல்லவேளண்ணே, உங்க கையில இருக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. நான் தனியா மாட்டியிருந்தா பயந்துருப்பேன்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சே எரிந்தது.

எல்லாரும் கிளம்பும்போது நண்பரின் மனைவி துண்டை எடுத்துவிட்டு வாளியை என் முன்னால் வைத்தார். "காலெல்லாம் சேறா இருக்கேண்ணே. இதுல கழுவிக்குங்க, சும்மாதானே இருக்கு."

கழுவிக்கொண்டேன்.