நீலக் கன்னத்தாள்

என் கணவரின் அண்ணன் ஒஸ்மோனுக்கு வாழ்க்கைப்பட்டவள் கனிஷாய். எனக்கு மூத்த ஓரகத்தி. உஸ்கென் சந்தைக்குப் போகிற சாலையோரம் தந்தூர் அடுப்பு போட்டு ரொட்டி சுட்டு விற்றாள். ஊரார் அவளை நீலக் கன்னத்தாள் என்பார்கள். இடது கன்னத்திலிருந்து உதடு வரைக்கும் முசுக்கொட்டைப் பழத்தை நசுக்கித் தேய்த்தது போல நீலம் படிந்து புடைத்திருக்கும். ரொட்டி ஒட்ட அடுப்புக்குள் தலையைக் கவிழ்த்தால் அந்த இடம் ஊதிக்கொள்ளும். நிமிர்ந்து நின்றால் மெல்ல வடியும். ரொட்டி வாங்க வந்தவன் எவனாவது வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றால், "முகத்துக்குத் தனி விலை கெடையாது. ரொட்டிய எடுத்துட்டுக் கெளம்பு" என்பாள்.

பிறக்கும்போது அது நகத்தளவுப் புள்ளிதானாம். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது அவள் அம்மா பக்கத்துத் தோட்டத்தில் முசுக்கொட்டை திருடித் தின்றாள், அந்தப் பாவம்தான் பிள்ளை முகத்தில் விழுந்தது என்று உறவுக்காரிகள் பேசினார்கள். அம்மாவும் அதை நம்பினாள். கனிஷாய் பெரியவளானதும் புள்ளி வேகமாகப் படர்ந்தது. வெளியூரிலிருந்து வந்த மருத்துவர் ஒருவர் கட்டி என்று நினைத்துக் கத்தி வைத்தார். ரத்தம் நிற்கவில்லை. மாமன்மார் மாறி மாறி ரத்தம் கொடுத்து அவளை மீட்டார்கள். அதோடு மருத்துவமனை என்ற பேச்சையே அவள் எடுக்கவிடவில்லை.

எங்கள் வழக்கத்தில் சாவு வீட்டுப் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும். தன் அம்மா இறந்தபோது கனிஷாய் உதட்டை இறுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அழுதால் கன்னமும் நாக்கும் வீங்கி மூச்சு முட்டும் என்பது எனக்கும் ஒஸ்மோனுக்கும் மட்டும்தான் தெரியும்.

மகள் மைரம் பிறந்த பிறகு நீலம் வாய்க்குள்ளும் இறங்கியது. படுத்தால் நாக்கு அடைத்துக்கொள்ளும். சுவரில் தலையணை சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். காலையில் கன்னம் விண் விண்ணென்று வலிக்கும். தொட்டால் உள்ளே பட்டாணி மாதிரி கற்கள் உருளும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள்.

மைரத்துக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள்தான் அவளை அசைத்தார்கள். தேநீர் குடித்தார்கள், ரொட்டியைப் பிட்டார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது மாப்பிள்ளையின் அத்தை என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "பொண்ணு தங்கந்தான். ஆனா நாளைக்கு எங்க பேரப்புள்ளை இந்த மூஞ்சியோட பொறந்தா?"

கனிஷாய் பின்னாலேயே நின்றிருந்தாள். அவர்கள் போன பிறகு தட்டுகளைக் கழுவி அடுக்கினாள். பிறகு என்னைப் பார்த்து, "பிஷ்கெக் போகணும். நீ கூட வா" என்றாள்.

தலைநகர் பிஷ்கெக்கில் ஜிபெக் என்ற மருத்துவர் இந்த நோயை வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்தார். எங்களைவிட வயதில் சிறியவர். கன்னத்தை விரலால் அழுத்தினார், பள்ளமானது. விரலை எடுத்தார், மெதுவாக நிரம்பியது. "அக்கா, கொஞ்சம் குனிங்க" என்றார். குனிந்ததும் அது உப்பியது. பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு எங்களை உட்கார வைத்தார்.

"இது கட்டி இல்லக்கா, புத்துநோயும் இல்ல. கருவுல ரத்தக்குழாய் உருவாகும்போதே இந்த எடத்துல கோளாறா உருவாகிடுச்சு. செவுரு மெலிசு, இறுக்கிப் பிடிக்கத் தெம்பில்ல. அதனால ரத்தம் ஓடாமக் குளம் மாதிரி தேங்குது. தேங்கின ரத்தம் உறைஞ்சு உறைஞ்சுதான் அந்தக் கல்லு."

"எங்கம்மா என்னவோ தின்னதால வந்துச்சும்பாங்களே?"

"அம்மா தின்னதுக்கும் செஞ்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா."

கனிஷாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "எம்பொண்ணு வயித்துல பொறக்கறதுக்கு வருமா?" என்றாள்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

"இல்ல."

"பரம்பரையா வர்றது ரொம்ப அபூர்வம். உங்களோடது அந்த வகை மாதிரித் தெரியல."

கனிஷாய் எழுந்து தலைத்துணியைச் சரி செய்தாள். "அது போதும் டாக்டரம்மா. இதக் கேக்கத்தான் வந்தேன். வாடி, போலாம்."

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "போலாமா? இன்னும் எத்தன வருஷத்துக்கு உக்காந்துட்டே தூங்குவே? டாக்டரம்மா, இவ படுத்தா மூச்சு அடைக்குது. எங்கள யார்கிட்டயும் சொல்ல விடமாட்டா."

ஜிபெக்கின் முகம் மாறியது. நாக்கின் அடிவரைக்கும் நீலம் போயிருக்கிறது, திடீரென்று வீங்கினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும் என்றார்.

"கத்தி வேண்டாம்," என்றாள் கனிஷாய்.

"கத்தி இல்ல. மயக்கம் குடுத்து, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசி வழியா அந்தக் குழாய்க்குள்ள மருந்து விடுவோம். மருந்து பட்ட எடம் உள்ளுக்குள்ள புண்ணாகி, தழும்பாகிச் சுருங்கும். ஒரு தடவையில முடியாது. மொதல்ல இன்னும் பெருசா வீங்கும். தோல் கருகலாம், வாய் கோணலாம். முழுசா மறையும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா படுத்துத் தூங்கலாம்."

நல்லதையும் கெட்டதையும் சேர்த்துச் சொன்னதாலோ என்னவோ, கனிஷாய் திரும்ப உட்கார்ந்தாள். "அம்மா பாவம்," என்றாள். "சாகற வரைக்கும் தன்னையே திட்டிக்கிட்டா." அப்போதுதான் அழுதாள். கன்னம் கறுத்து உப்பியது. ஜிபெக் பரிசோதனைக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி அவளை அதில் சாய வைத்து, அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

முதல் ஊசிக்குப் பிறகு முகம் பூசணி மாதிரி வீங்கியது. தொண்டை அடைத்துவிடாமல் மூச்சுக்குக் குழாய் வைத்திருந்தார்கள். ஒஸ்மோன் பார்க்க வந்து, வாசலிலேயே நின்று, தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். வீக்கம் வடிய வாரங்கள் ஆயின. வடிந்த பிறகு கன்னத்தில் ஓரிடத்தில் தோல் கருகி உதிர்ந்தது. உதடு ஒரு பக்கம் தொங்கியது, தேநீர் வழிந்தது. "இதுக்கு நீலமே தேவலாம்" என்று என்னைத் திட்டினாள். ஆனாலும் அடுத்த முறைக்குப் போனாள். அதற்கடுத்த முறையும் போனாள்.

உதடு மெல்ல மெல்ல நேரானது. நீலம் முழுதாகப் போகவில்லை. கன்னத்தில் தழும்பு ஒன்று நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஒருநாள் மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். ஒஸ்மோன் வாயில் விரல் வைத்து என்னை நிறுத்தினார். உள்ளே கனிஷாய் மல்லாந்து படுத்து, வாய் மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் கதவோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்பு சம்பந்தம் பேச வந்தவர்கள் மறுபடி ஆள் அனுப்பினார்கள். கனிஷாய் முடிவை மகளிடம் விட்டாள். "எங்கம்மா மூஞ்சியப் பாத்துப் பயந்தவங்க வீட்ல எனக்கு என்ன வேலை?" என்றாள் மைரம். இரண்டு வருஷம் கழித்து வேறு இடத்தில் மணமானாள்.

போன இலையுதிர்காலத்தில் ஜலால்-அபாத் பக்கத்திலிருந்து ஒரு பெண், கனிஷாய்க்கு வைத்தியம் பலித்ததைக் கேள்விப்பட்டு, கைக்குழந்தையோடு அவளைத் தேடி வந்தாள். குழந்தையின் நாக்கு நீலமாகத் துருத்தியிருந்தது. வழியெல்லாம் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் போல. உட்கார்ந்ததும், "நான் மாசமா இருக்கறப்ப என்ன தப்புப் பண்ணேனோ தெரியலக்கா" என்று ஆரம்பித்தாள்.

கனிஷாய் அவளைப் பேச விடவில்லை. குழந்தையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் பண்ணல," என்றாள். "மொதல்ல அதக் கேட்டுக்கோ."

மறுநாள் காலை மூவரும் பிஷ்கெக் வண்டி ஏறினார்கள்.