மிதிக்கு அடியில் ஒரு போல்ட்

என் மனைவி வசந்தாமணிக்கு இந்த உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. சிலிண்டர் கொண்டுவருகிறவர் எடை போட்டுக் காட்டினால், அந்தத் தராசு சரியாக இருக்கிறதா என்று கேட்பாள். என் தங்கை தன் கோழிப்பண்ணையிலிருந்து முட்டை கொடுத்தனுப்பினாலும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள். தூரத்துச் சொந்தத்தில் கல்யாணப் பத்திரிகை வந்தால், நம்மை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று இரண்டு நாள் யோசிப்பாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனால் என் வேலையை மட்டும் அவள் சோதித்ததில்லை. லாரிகளுக்குப் பிரேக் லைனர் கட்டுவது என் தொழில், ராசிபுரத்தில் சேலம் ரோட்டில் பட்டறை. அவள் காரை நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னால் போதும், மறுபேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்துவிடுவாள். இருபது வருடத்தில் ஒருநாளும் "சரியாப் பாத்தீங்களா" என்று கேட்டதில்லை.

அந்தச் சின்ன வெள்ளைக் கார்தான் அவளுடைய டிரைவிங் ஸ்கூல். கற்றுக்கொள்பவர் ஸ்டீயரிங் பிடிக்க, அவள் இடப்பக்கம் உட்கார்ந்து, அங்கே இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே வருவாள். எதிரில் ஆடு வந்தாலும் பிரேக், வராவிட்டாலும் வரக்கூடும் என்று பிரேக். போதாததற்கு வலப்பக்க ஆக்ஸிலரேட்டர் மிதிக்கு அடியில் ஒரு போல்ட் நிறுத்தியிருந்தோம். பதற்றத்தில் யாராவது முழுதாக மிதித்தாலும் மிதி பாதிக்கு மேல் இறங்காது. அந்த போல்ட்டைக் கடைந்து மாட்டியது நான்தான்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சரவணக்குமார் புது ஸ்கூல் திறக்கும் வரைக்கும். ஆள் சிரித்த முகம். வருகிறவர்களிடமெல்லாம், அந்தம்மா வாழ்க்கையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதே இல்லை, அங்கே போனால் வண்டியை நிறுத்தத்தான் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறான். பிரேக் அக்கா என்று பெயரும் வைத்துவிட்டான். ஆறே மாதத்தில் இவளிடம் படித்த பதினெட்டுப் பேர் நாலு பேராகிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு தனியார் இடத்தில் கார் கிளப்காரர்கள் டிராக் ரேஸ் வைப்பதாக நோட்டீஸ் வந்தது. அனுமதி வாங்கி, ஆம்புலன்ஸ் நிறுத்தி, முறைப்படி நடத்துவது. நானூறு மீட்டர் நேர் பாதை, இரண்டிரண்டு காராக ஓட்ட வேண்டும், ஆளுக்கு இரண்டு ஓட்டம், அதில் குறைந்த நேரம் கணக்கு. சொந்தக் கார் பிரிவில் சரவணக்குமார் பெயர் கொடுத்திருந்தான். மறுநாளே இவளும் கொடுத்துவிட்டு வந்தாள். உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா என்று கத்தினேன். அங்கே ஓட்டிக் காட்டாவிட்டால் ஆடிக்குள் ஸ்கூல் போர்டைக் கழற்ற வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுத் தோசை சுடப் போய்விட்டாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு யோசனை சொல்ல, கிளப்பிலிருந்து தீபிகா என்ற பெண் போன் செய்தாள். வண்டியில் எடையைக் குறையுங்கள், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும், பெட்ரோல் கால் டேங்க் போதும் என்றாள். வசந்தாமணி போனைப் பொத்திக்கொண்டு, இவளுக்கு நம் ஸ்டெப்னி மேல் என்ன அக்கறை என்று என்னிடம் கேட்டாள். பச்சை விளக்கைப் பார்த்துக் கிளம்புங்கள், பக்கத்துக் காரைப் பார்க்காதீர்கள் என்றதும், பார்க்காவிட்டால் அவன் முன்னாடியே கிளம்பினது எப்படித் தெரியும் என்றாள். கோட்டைத் தாண்டும் வரை காலை எடுக்காதீர்கள், தாண்டியபின் மெதுவாக நிறுத்துங்கள், அதற்கு நிறைய இடம் இருக்கிறது என்று தீபிகா சொன்னதை நம்பாமல், பஸ் ஏறிப் போய் அந்த இடத்தைக் காலால் அளந்துவிட்டு வந்தாள். நிறையத்தான் இருந்ததாம்.

போட்டிக்கு முந்தின நாள் இடப்பக்க பிரேக் மிதியைக் கழற்றினோம். ஆக்ஸிலரேட்டருக்கு அடியில் இருந்த போல்ட்டை அவளே கழற்றி என் கையில் கொடுத்தாள். நான் அதைச் சட்டைப் பையில் போட்டேன்.

மறுநாள் காலையில் அங்கே போனதும் அவள் சந்தேகம் உச்சிக்கு ஏறிவிட்டது. சரவணக்குமார் வந்து வணக்கம் சொன்னான். அவன் போகட்டும் என்று காத்திருந்து, பானெட் இடுக்கில் காகிதம் ஒட்டி அதன் மேல் கையெழுத்துப் போட்டாள். பெட்ரோல் மூடியிலும் ஒரு கையெழுத்து. ஓட்டுநர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டபோது சாவியை என்னிடம் கொடுத்தாள்.

"உங்களைத் தவிர ஒருத்தனையும் வண்டிகிட்ட உடாதீங்க."

கூட்டம் முடியுமுன் இரண்டு கார்களைச் சோதனை ஓட்டம் விட்டார்கள். அதில் ஒன்று கோட்டைத் தாண்டியதும் வாலை ஆட்டி, ஓரத்து மணலில் ஏறி, சுற்றி நின்றது. ஓட்டியவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கருகிய லைனர் வாசனை காற்றில் வந்தது. அந்த வாசனையோடு என் பட்டறைக்கு வந்த வண்டிகளையும், அவற்றை ஓட்டியவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் நான் அறிவேன். ஒரு போர்டுக்காக இவள் இப்படிப் போய் மணலில் சுற்ற வேண்டுமா? ஸ்கூல் போனால் போகட்டும், ஆள் வேண்டும் எனக்கு. கதவைத் திறந்தேன், குனிந்தேன், முந்தின நாளிலிருந்து பையிலேயே கிடந்த போல்ட்டைப் பழைய இடத்தில் முடுக்கினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஏறினாள். பக்கத்துத் தடத்தில் சரவணக்குமார். பச்சை எரிந்ததும் இரண்டு கார்களும் ஒன்றாகத்தான் கிளம்பின. பிறகு அவன் போய்க்கொண்டே இருந்தான். எங்கள் கார் மாட்டுவண்டி மாதிரி பின்னால் போனது. அவனுக்கு இருபது வினாடி, இவளுக்கு இருபத்தேழு. பிரேக் அக்கா, பிரேக் அக்கா என்று ராசிபுரத்திலிருந்து வந்திருந்த நாலு பேர் விசில் அடித்தார்கள். அவள் உயிரோடு திரும்பி வருகிறாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

இறங்கியவள் முகம் சிவந்திருந்தது. பானெட் காகிதத்தைப் பார்த்தாள், கிழியவில்லை. பெட்ரோல் மூடியும் அப்படியே. சரவணக்குமார்தான் உள்ளே ஏதோ பண்ணிவிட்டான் என்று நேராகத் தீபிகாவிடம் போய் நின்றாள். அவனைக் கூப்பிட்டார்கள். நான் அந்தப் பக்கமே வரவில்லைங்க அக்கா என்று அவன் சொன்னபோது முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. நிரூபணமானால் அவனை விலக்கிவிடுவோம், காரைத் திறந்து பார்க்கலாம் என்றாள் தீபிகா. நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

வசந்தாமணி மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் தானே குனிந்து மிதிக்கு அடியில் பார்த்தாள். கையை உள்ளே விட்டு எடுத்தாள். விரல் நுனியில் ஈரம் காயாத மஞ்சள் பெயிண்ட்.

பட்டறையில் எந்த நட்டை முடுக்கினாலும் அதன் மேல் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைப்பேன். பின்னால் தளர்ந்தால் புள்ளி விலகியிருப்பது தெரியும். முப்பது வருடப் பழக்கம். அன்றைக்கும், திருட்டுத்தனமாகக் குனிந்திருந்த அந்த நேரத்திலும், பாழாய்ப்போன கை புள்ளி வைத்திருக்கிறது. பேனா என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டு இருந்தது.

அவள் விரலைப் பார்த்தாள், என் பையைப் பார்த்தாள். பிறகு எழுந்து, விரலைச் சேலைத் தலைப்பில் மூடிக்கொண்டு, தீபிகாவிடம் திரும்பினாள்.

"யாரும் ஒண்ணும் பண்ணலீங்க. நான்தான் மறந்து போல்ட்டோட வந்துட்டேன்."

சரவணக்குமாரிடமும் மன்னிப்புக் கேட்டாள். எல்லாரும் போனபின் ஸ்பேனருக்குக் கையை நீட்டினாள். நானே கழற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவளே கழற்றினாள்.

"பயந்துட்டேன் அம்மிணி," என்றேன்.

"பயமா இருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க. ஊரே சிரிச்சுதுங்க, நீங்களும் பாத்துட்டுத்தானுங்க நின்னீங்க."

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை.

இரண்டாவது ஓட்டத்தில் அவள் பக்கத்துக் காரையும் பார்க்கவில்லை. தீபிகா சொன்னதை அப்படியே செய்தாள். கோடு தாண்டும் வரை காலை எடுக்கவே இல்லை. அந்தச் சின்னக் கார் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன், அவள் பின்னால் சொன்னதையும் காரின் சத்தத்தையும் வைத்துத்தான் சொல்கிறேன். ஒலிபெருக்கியில் வசந்தாமணி பத்தொன்பது புள்ளி நாலு என்று சொன்னதும் கண்ணைத் திறந்தேன். சரவணக்குமார் இந்த ஓட்டத்திலும் இருபதுதான். காரை நிறுத்தத் தந்திருந்த இடத்தில் பாதிக்குள்ளேயே, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நிறுத்தியிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த ஓட்டத்தை யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. இப்போது இருபத்திரண்டு பேர் படிக்கிறார்கள். போர்டுக்குப் புது பெயிண்ட் அடித்திருக்கிறோம்.

போட்டிக்கு மறுநாளே, கற்றுக்கொள்பவர்களுக்காக போல்ட்டைத் திரும்பவும் மாட்டச் சொன்னாள். மாட்டி, மஞ்சள் புள்ளி வைத்தேன். சரியாகப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். சரிங்க என்றாள். என்னிடம் அதே மரியாதைதான், அதே சாப்பாடுதான், ஒரு சுடுசொல் கிடையாது. ஆனால் தினமும் காலையில் காரை எடுக்கும் முன் குனிந்து மிதிக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்க்கிறாள். பிறகு பிரேக்கை நாலு தடவை மிதித்துப் பார்க்கிறாள். நான் பக்கத்திலேயே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.