டோக்கியோ மொக்கு

டோக்கியோ மாரத்தானுக்காக மலைக்கோயிலுக்குப் போகும் அலிபிரிப் படிகளில் ஏறிப் பழகிய நாட்களில், அங்கே செருப்பு ஸ்டாண்டில் ஒரு பெண் இருந்தார். என் வயதுதான் இருக்கும். எந்தச் செருப்பையும் புரட்டி அடியைப் பார்த்துவிட்டுத்தான் டோக்கன் தருவார்.

"இன்னாக்கா, ஷூ இப்படித் தேஞ்சிக்கினு போவுது?"

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப்போவதைச் சொன்னேன்.

"அம்மாடி! இன்னா மொக்குக்கா அது?"

நேர்த்திக்கடன் என்றே நினைத்துவிட்டார். "மொக்கு இல்ல, ஆசை" என்று திருத்திவிட்டு, ஓட்டத்துக்கு முன் சுற்றிப் பார்க்க வேண்டிய ஒன்பது இடங்களின் பட்டியலைக் காட்டினேன்.

"ஐயே! ஊர சுத்திட்டு வர்றவங்க பாதிப் படியிலயே உக்காந்துக்கறாங்க. மொதல்ல மொக்கு, அப்பறம் ஊரு."

ஒன்பதையும் ஓட்டத்துக்குப் பின்னால் நகர்த்தினேன். கால் தாங்கியது, முழுத் தூரமும் ஓடினேன். இரண்டு இடங்கள் மட்டும் விட்டுப்போயின.

ஊர் திரும்பி ஷூவை நீட்டியதும் புரட்டிப் பார்த்தார். "மொக்கு தீந்துச்சாக்கா?"

"தீந்துச்சு" என்றேன். இந்த முறை திருத்தத் தோன்றவில்லை.