அரைமணியில் இறங்கிய சர்க்கரை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு மிளகாய் என்று பட்டப்பெயர். சர்க்கரை நோய்க்காரிக்குப் போய் மிளகாய் என்று பேர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. ஆனால் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறான். முகத்துக்கு நேரே நான் அக்கா என்பேன். எலிகளுக்குத் தீனி வைப்பது, கூண்டு துடைப்பது, மருந்து புகட்டுவது, வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பது எல்லாம் அக்காவின் வேலை. அக்கா கையாளும் குழாய்களையும் கண்ணாடிச் சாமான்களையும் கழுவிக் கொதிக்கவைத்துக் கொடுப்பது என் வேலை.

அக்காவை எல்லோருக்கும் தெரியவைத்தது ஒரு சாப்பாட்டு அறைச் சண்டை. பதினாலு வயதிலிருந்து இன்சுலின் ஊசி, ஒரு நாளைக்கு நாலு. மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, அங்கேயே வயிற்றில் குத்திக்கொள்வார். ஒருநாள் எங்கள் கூடத்துத் தலைவர் (நாங்கள் பெரியவர் என்போம்) பக்கத்து மேசையிலிருந்து முகத்தைச் சுளித்தார்.

"இதையெல்லாம் பாத்ரூம்ல போய்ப் போட்டுக்கக் கூடாதாம்மா?"

"போட்டுக்கலாமே சார். நீங்களும் டப்பாவை எடுத்துக்கிட்டு அங்க வாங்க, சேர்ந்தே சாப்பிடலாம்."

பெரியவருக்குப் புரையேறிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கல்யாணத்திலும் இதே கதைதான். நோயை மறைத்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்களாம். "என்னைக் கட்டிக்கறவரு என் ஊசியையும் சேர்த்துக் கட்டிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார் அக்கா. அப்படிக் கட்டிக்கொண்டவர் ஒரு தையல்காரர். "எனக்கும் ஊசிதாங்க சோறு போடுது" என்றாராம். மனுஷர் இன்னும் அப்படியேதான் இருக்கிறார்.

வாயாடி என்று அக்காவை எழுதி வைத்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர் வயிற்றைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். முப்பது வருஷமாகக் குத்திக் குத்தித் தோல் அங்கங்கே கட்டி தட்டிப்போயிருந்தது. குத்த இடம் தேடுவதே ஒரு வேலை.

ஊசிக்குப் பதிலாக இன்சுலினை ஏன் முழுங்க முடியாது என்று ஒருமுறை கேட்டேன். "முட்டையை முழுங்கினா வயிறு என்ன பண்ணும்? செரிச்சிடும்ல? இன்சுலினையும் அப்படித்தான் செரிச்சிடும்" என்றார். எங்கள் கூடத்தில் அதற்குத்தான் வழி தேடிக்கொண்டிருந்தார்கள். இன்சுலினை நானோ துகள்களுக்குள் பொதிந்து வைப்பது. ஒரு தலைமுடியின் அகலத்தில் நூற்றுக்கணக்கில் நிற்கும் அளவுக்குப் பொடியான துகள்கள். வயிற்று அமிலத்துக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுக் குடல் வரைக்கும் போய், அங்கிருந்து ரத்தத்தில் கலக்கவேண்டும். கலந்தால் ஊசி வேண்டாம். அக்கா இந்த வேலைக்கு வந்ததே அதற்காகத்தான். எலிகளிடம், "சீக்கிரம் ஆகட்டும்டி, எனக்கு வயசாகுது" என்று சொல்லிக்கொண்டே மருந்து புகட்டுவார்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சர்க்கரை நோய் வரவைத்த பன்னிரண்டு எலிகள். ஆறுக்கு வெறும் இன்சுலின், ஆறுக்கு நானோ துகள் மருந்து. மருந்து ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்று மருந்துக்கு ஒன்றாக இரண்டு புகட்டும் குழாய்கள். குழாய் என்றால் வளைந்த எஃகுக் குழாய். தொண்டையைக் கீறாமல் இருக்க முனையில் கடுகளவு உருண்டை இருக்கும். வெறும் இன்சுலின் குடித்த எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. துகள் மருந்து குடித்த ஆறுக்கும் அரைமணியில் சர்க்கரை பாதியாக இறங்கிவிட்டது.

கூடமே குதித்தது. பெரியவர் என்னைக்கூடக் கட்டிப்பிடித்தார். அடுத்த வாரம் ஆராய்ச்சிக்கு உதவும் அறக்கட்டளைக்காரர்கள் வருவதாக இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நான் கழுவுகிற தொட்டிக்கு வந்து, துகள் மருந்து புகட்டிய குழாயைக் கேட்டார். பஞ்சால் முனையைத் துடைத்தார். பஞ்சு இழை சிக்கிக்கொண்டது.

"முனை பிசிறு தட்டியிருக்கு. புகட்டிட்டுத் துடைச்சப்போ பஞ்சுல லேசா ரத்தம் இருந்துச்சு. இது எப்போ கீழ விழுந்துச்சு தம்பி?"

"தெரியாதுக்கா."

தெரியும். திங்கட்கிழமை சாயங்காலம் என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, கழுவி வைத்துவிட்டேன். அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும் என்று பயந்தேன். பயந்தாங்கொள்ளிக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது.

அக்கா என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஊசி நேரா உடம்புல ஏறினாலே எனக்குச் சர்க்கரை இறங்க அரைமணி ஆகும். முழுங்கினது வயித்தைத் தாண்டி, குடலுக்குப் போய், அதுக்கப்புறம் ரத்தத்துக்கு வரணும். அதுவும் அரைமணியில இறங்குதுன்னா? குடலுக்கே போகல தம்பி. தொண்டைக் காயத்து வழியா ஏறியிருக்கு. வெறும் இன்சுலினையும் இந்தக் குழாயில குடுத்திருந்தா அதுவும் இறங்கியிருக்கும்."

அப்புறம் கூண்டுகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "எனக்கு வேணும்டா இது. இங்க இருக்கற எல்லாரையும் விட எனக்குத்தான் வேணும்." மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கூண்டு நோட்டில் பேனாவால் எழுதினார்: குழாய் முனை பழுது, பஞ்சில் ரத்தம், இந்த ஆறு எலிகளின் கணக்கு செல்லாது.

பெரியவர் அந்த வரியை அடிக்கச் சொன்னார். "அவங்க வந்துட்டுப் போகட்டும்மா. அப்புறம் திருப்பிச் செஞ்சு பாத்துக்கலாம்."

"எழுதினது எழுதினதுதான் சார். அடிக்கணும்னா நீங்களே அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

அவர் போடவில்லை. நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். திரையில் அந்த ஆறு எலிகளின் சர்க்கரைக் கோடு சறுக்குமரம் மாதிரி இறங்கியது. அது போதாதென்று பெரியவர் அக்காவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். முப்பது வருஷமாக ஊசி, இவரைப் போன்றவர்களுக்காகத்தான் எங்கள் உழைப்பு என்று உருகினார். வந்தவர்களில் மூத்த அம்மாள் கேட்டார், "இது மாத்திரையா வந்தா முதல் ஆளா நீங்கதான் முழுங்குவீங்க, இல்லையா?"

"மாட்டேன்."

அக்கா திரையைக் கைகாட்டினார்.

"இதை நம்பி நான் ஊசியை விட்டா, ரெண்டு மூணு நாள்ல என்னைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அந்தக் கோடு மருந்தால இறங்கல மேடம். குழாய் தொண்டையைக் கீறினதால இறங்குச்சு."

"இவங்க எலிக்குத் தீனி போடறவங்க" என்று பெரியவர் அவசரமாகச் சிரித்தார். "இதெல்லாம் இவங்களுக்கு எப்படி..."

"ஆமா சார், தீனி போடறவதான். அதான் சொல்றேன், எலி பொய் சொல்லல. நாமதான் சொல்றோம்."

அந்த அம்மாள் பெரியவரைப் பார்த்தார். குழாய் நல்ல நிலையில்தான் இருந்தது என்றார் பெரியவர். நான் ஊழியர்கள் வரிசையில் கடைசியாக நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பையில் ஒரு வாரமாக அந்தக் குழாயைச் சுமந்துகொண்டிருந்தேன். எங்கேயாவது தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன், மனசு வரவில்லை. போய் மேசையில் வைத்தேன்.

"கீழ போட்டது நான்தாங்க."

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அம்மாளிடம்தான் பேசினார். "இதுக்காக வேலையை நிறுத்திடாதீங்க மேடம். இந்த வழி சரியான வழியாக்கூட இருக்கலாம். ஒழுங்கா ஒரு தடவை பாக்கணும், அவ்வளவுதான். நிறுத்தினீங்கன்னா உங்க வாசல்ல வந்து உக்காருவேன், ஊசியோட."

நிறுத்தவில்லை. மூன்று மாசம் கொடுத்தார்கள். என் வேலையும் போகவில்லை, போயிருந்தாலும் நியாயம்தான். வெளியே வந்ததும் அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "எனக்கு அன்னிக்கே தெரியும். நீ தெரியாதுன்னு சொன்னப்போ உன் காது ரெண்டும் சிவந்து கிடந்துச்சு."

புதுக் குழாய்கள் வந்தன. எதில் எந்த மருந்து என்று புகட்டுகிற அக்காவுக்கே சொல்லாமல், ஓர் உறைக்குள் எழுதி ஒட்டி வைத்துவிட்டுச் செய்தார்கள். அரைமணியில் பன்னிரண்டு எலியில் ஒன்றுக்கும் அசைவில்லை. ஒருமணியில் இல்லை. இரண்டில் இல்லை. பெரியவர் நகத்தைக் கடித்துக்கொண்டு கூண்டு அறையிலேயே உட்கார்ந்திருந்தார். நாலாவது மணியில் நாலு எலிகளுக்கு இறங்கத் தொடங்கியது. பாதியெல்லாம் இல்லை, ஐந்தில் ஒரு பங்கு. உறையைப் பிரித்துப் பார்த்தால் நாலுமே துகள் மருந்து குடித்தவை. அதே மருந்தைக் குடித்த இன்னும் ரெண்டு, ஏனென்று கேட்காமல் படுத்திருந்தன.

அக்கா நோட்டில் எழுதினார்: நாலில் இறங்கியது, இரண்டில் இல்லை. பேனாவை நீட்டியதும் பெரியவர் கையெழுத்துப் போட்டார்.

சாப்பாட்டு அறைக்குப் போனோம். எதிரில் பெரியவரும் வந்து உட்கார்ந்தார். அக்கா டப்பாவைத் திறந்தார், வயிற்றில் கட்டி தட்டாத இடமாகத் தடவித் தேடினார்.

"இந்த வேகத்துல போனா இன்னும் பத்து வருஷம் ஆகும்மா" என்றார் பெரியவர், தலையைக் குனிந்தபடி.

"ஆகட்டும் சார். குத்திக்கிட்டே காத்திருப்பேன். ஏமாந்துக்கிட்டே காத்திருக்க மாட்டேன்."

இடம் கிடைத்தது. குத்திக்கொண்டு, சாப்பிட ஆரம்பித்தார்.